கடலில் புதைக்கச் சொன்னார், கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தினார்கள்: ‘அயர்லாந்து ராட்சதன்’ சார்லஸ் பைர்னின் கதை

லண்டனில் சேரிங் கிராஸ் பக்கத்தில் ஸ்பிரிங் கார்டன்ஸ் என்று ஒரு பகுதி. 1782-ம் ஆண்டு வசந்த காலத்தில் அங்கே ஒரு வாடகை அறைக்கு முன்னால் தினமும் கூட்டம். உள்ளே போக அரை கிரௌன், அதாவது இரண்டரை ஷில்லிங். அன்றைய கூலித் தொழிலாளியின் ஒரு நாள் சம்பளத்துக்குக் குறையாத தொகை. அவ்வளவு கொடுத்து உள்ளே போனால் பாட்டு கிடையாது, கூத்து கிடையாது, வித்தை கிடையாது. நாகரிகமாக உடுத்திய இளைஞர் ஒருவர் நிற்பார். அவரை அண்ணாந்து பார்த்துவிட்டு, நாலு வார்த்தை பேசிவிட்டு வர வேண்டியதுதான்.

அவர் பெயர் சார்லஸ் பைர்ன். விளம்பரங்களில் 8 அடிக்கு மேல் என்று போட்டார்கள். காட்சி நடத்துபவர்கள் இரண்டு அங்குலம், நாலு அங்குலம் சேர்த்துச் சொல்வது வழக்கம்தானே. அவருடைய எலும்புக்கூட்டை அளந்தபோது கிடைத்த உயரம் 7 அடி 7 அங்குலம், சென்டிமீட்டரில் சுமார் 231. நம்ம வீட்டுக் கதவு நிலை பெரும்பாலும் 7 அடிதான் இருக்கும். அதில் நுழைய வேண்டும் என்றால் பைர்ன் கழுத்தை மடக்கித்தான் வர வேண்டும்.

லண்டனுக்கு வந்து ஓராண்டு கழித்து அவர் இறந்துபோனார். வயது 22. அந்த உயரத்துக்கும் அந்தச் சாவுக்கும் காரணம் தலைக்குள் இருந்த ஒரு சின்னச் சுரப்பியாக இருக்கலாம் என்று நினைத்துப் பார்க்கக்கூட அன்றைக்கு யாரிடமும் அறிவியல் இல்லை. அது தெரியவர அடுத்த 126 ஆண்டுகள் ஆயின. முழுசாகப் புரிய இன்னொரு 102 ஆண்டுகள்.

வைக்கோல் போர் கதை

பைர்ன் பிறந்தது 1761-ல். ஊர் லிட்டில்பிரிட்ஜ். இன்றைய வட அயர்லாந்தில், லண்டன்டெர்ரி, டைரோன் ஆகிய இரண்டு மாவட்டங்களின் எல்லையில், லாக் நே ஏரிக்கு மேற்கே இருக்கும் சிறு கிராமப் பகுதி. அப்பா, அம்மா இருவருமே சாதாரண உயரம்தான். பிள்ளை மட்டும் பள்ளிப் பருவத்திலேயே பெரியவர்களைத் தாண்டி வளர ஆரம்பித்தான். ஊருக்குள் இதற்கு ஒரு விளக்கம் வைத்திருந்தார்கள். உயரமான வைக்கோல் போரின் மேல் கரு உண்டானதால்தான் பிள்ளை இப்படி வளர்கிறான் என்று. சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் காரணம் தெரியாத இடத்தில் ஊர் ஏதாவது ஒரு கதையை வைத்து நிரப்பிக்கொள்ளும், எல்லா ஊரிலும்.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அதே வட்டாரத்திலிருந்து அதே காலத்தில் இன்னும் சில ‘ராட்சதர்கள்’ வந்திருக்கிறார்கள். நைப் என்ற குடும்பப் பெயர் கொண்ட இரட்டைச் சகோதரர்கள் பைர்னுக்குப் பின்னாலேயே லண்டனில் காட்சிக்கு வந்தவர்கள். பைர்னுக்கு உறவுக்காரர்கள் என்றும் சொல்லிக்கொண்டார்கள். அன்றைக்கு அது ஒரு விளம்பரத் தகவல். இன்றைக்கு ஒரு மரபணு மருத்துவர் அதைக் கேட்டால் உடனே பேனாவை எடுத்துக் குறித்துக்கொள்வார்.

பக்கத்து ஊர் ஆள் ஜோ வான்ஸ் என்பவர் பைர்னை ஊர் ஊராக அழைத்துப் போய்க் காட்டிக் காசு பார்க்கலாம் என்று கிளப்பிவிட்டார். ஸ்காட்லாந்து வழியாக, வட இங்கிலாந்து வழியாகப் பயணம். எடின்பரோவில் தெருவிளக்கின் சுடரிலேயே எட்டிப் புகைக்குழாயைப் பற்றவைத்தார், ராக்காவல்காரர்கள் அரண்டுபோனார்கள் என்று ஒரு கதை உண்டு. அப்படியே லண்டன்.

உயரம் எங்கிருந்து வந்தது?

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்திக்கொள்வோம். பைர்னின் தலைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் பார்த்துவிட்டால் மிச்சக் கதை வேறு மாதிரி தெரியும்.

மூக்குக்குப் பின்னால், மூளையின் அடிப்பகுதியில், குதிரைச் சேணம் போன்ற ஓர் எலும்புக் குழி இருக்கிறது. அதில் உட்கார்ந்திருப்பது பிட்யூட்டரி சுரப்பி. பட்டாணி அளவுதான். தைராய்டு, அட்ரினல், விரைப்பை, சினைப்பை என்று பல சுரப்பிகளுக்கு உத்தரவு போவது இங்கிருந்துதான். வளர்ச்சி ஹார்மோனும் இங்கேதான் சுரக்கிறது. அது ரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அதற்குப் பதிலாக ஐ.ஜி.எஃப்-1 என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கிறது. இந்த இரண்டும் சேர்ந்துதான் கை கால் எலும்புகளின் நுனியில் இருக்கும் குருத்தெலும்புத் தகட்டைத் தூண்டி எலும்பை நீளச் செய்கின்றன.

இதற்கு மேலே ஒரு கட்டுப்பாடும் உண்டு. பிட்யூட்டரிக்கு மேல் இருக்கும் ஹைப்போதலாமஸ், ஒரு ஹார்மோனை அனுப்பிச் சுரக்கச் சொல்லும், சொமாட்டோஸ்டாட்டின் என்ற இன்னொன்றை அனுப்பி நிறுத்தச் சொல்லும். ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 கூடிவிட்டால் அந்தச் செய்தியும் மேலே போய்ச் சுரப்பைக் குறைக்கும். ஆரோக்கியமான உடலில் வளர்ச்சி ஹார்மோன் விட்டுவிட்டுத்தான் வரும், பெரும்பாலும் தூக்கத்தில்.

பிட்யூட்டரியில் இந்த ஹார்மோனைச் சுரக்கும் செல்கள் கட்டியாகப் பெருகிவிட்டால் இந்தக் கட்டுப்பாடு எடுபடாது. நிறுத்தச் சொன்னாலும் நிற்காமல் பகலும் இரவும் சுரந்துகொண்டே இருக்கும். இது பெரும்பாலும் புற்றுநோய் கிடையாது, வேறு உறுப்புக்குப் பரவாது. ஆனால் இருக்கிற இடத்திலேயே இரண்டு வகையில் தொல்லை தரும். ஒன்று, ஹார்மோன் மிகையாவது. இன்னொன்று, கட்டியின் பருமன். மேலே வளர்ந்தால் கண் நரம்புகள் குறுக்கே சந்திக்கும் இடத்தை அழுத்தும், இரண்டு பக்க ஓரப் பார்வையும் மங்கும். பக்கத்துச் செல்களை நசுக்கினால் மற்ற ஹார்மோன்கள் குறையும்.

அப்படிக் குறைகிறவற்றில் பருவமடைதலுக்கான ஹார்மோன்களும் உண்டு. சாதாரணமாகப் பருவ வயதில் அந்த ஹார்மோன்கள்தான் எலும்பு நுனித் தகட்டை மூடி, உயரம் கூடுவதை முடித்துவைக்கும். அவை வராவிட்டால் தகடு திறந்தே இருக்கும். ஒரு பக்கம் வளர்ச்சி ஹார்மோன் வெள்ளமாக வருகிறது, இன்னொரு பக்கம் வளர்ச்சியை நிறுத்த ஆள் இல்லை. இளம் வயதில் இந்தக் கட்டி வந்தவர்கள் 7 அடி, 8 அடி என்று போவது இப்படித்தான். இதற்கு ஜைகாண்டிசம் என்று பெயர். தகடு மூடிய பிறகு பெரியவர்களுக்கு வந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை, மூக்கு, நாக்கு பெருக்கும். அதற்குப் பெயர் அக்ரோமெகலி. நோய் ஒன்றேதான், எந்த வயதில் பிடிக்கிறது என்பதுதான் வித்தியாசம்.

பார்க்கிறவர்களுக்கு உயரம் பலமாகத் தெரியும். உள்ளே நிலைமை நேர்எதிர். மூட்டு வலி, தலைவலி, விடாத வியர்வை, சீக்கிரமே வரும் களைப்பு, சர்க்கரை, ரத்த அழுத்தம், பெருத்துப் பலவீனமாகும் இதயம். லண்டன் மக்கள் காசு கொடுத்துப் பார்த்தது ஒரு நோயாளியை. அது அவர்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது.

ஓராண்டுப் புகழ்

முதல் சில மாதங்கள் பைர்னுக்கு நல்ல வரும்படி. பிரபுக்கள் வந்தார்கள், பத்திரிகைகள் எழுதின. அவரை மனதில் வைத்து அந்த ஆண்டு கோடையில் ஹேமார்க்கெட் நாடக அரங்கில் ஒரு கோமாளிக் கூத்தே போட்டார்கள். பழகியவர்கள் எல்லாரும் அவரைச் சாதுவான, மரியாதை தெரிந்த ஆள் என்றே பதிவு செய்திருக்கிறார்கள்.

ஆனால் இந்தத் தொழிலின் கஷ்டம் நமக்குப் புரியாதது இல்லை. புதுசு என்பதுதான் இங்கே முதல். ஒரு தடவை பார்த்தவர் மறுபடி எதற்கு வரப்போகிறார்? வேறு ராட்சதர்களும் நகரத்துக்கு வந்துவிட்டார்கள். பைர்ன் ஸ்பிரிங் கார்டன்ஸை விட்டு பிக்காடிலிக்குப் போனார், அங்கிருந்து மறுபடி சேரிங் கிராஸ் பக்கம் வந்தார். குடி கூடியது. உடம்பும் வீணாகிக்கொண்டே வந்தது. வலிக்கு மருந்தாகக் குடித்தாரா, தனிமைக்காகக் குடித்தாரா என்று இன்றைக்குப் பலர் ஊகிக்கிறார்கள். என்னைக் கேட்டால், மணிக்கணக்கில் தன்னைக் காட்சிப்பொருளாக நிறுத்திக்கொள்ளும் 21 வயதுப் பையன் மாலையில் குடித்தான் என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

1783 ஏப்ரலில் கடைசி அடி விழுந்தது. சேர்த்துவைத்த பணம் மொத்தத்தையும் வங்கி நோட்டாக மாற்றிச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். 700 பவுண்டுக்கு மேல். ஒரு சராசரிக் குடும்பம் பல ஆண்டுகள் உட்கார்ந்து சாப்பிடக்கூடிய பணம். பிளாக் ஹார்ஸ் என்ற சிறு மதுக்கடைக்குப் போன ஓர் இரவு, யாரோ அதை அடித்துவிட்டார்கள். அப்போதும் பத்திரிகைகள் அதைக் கிண்டலாகத்தான் எழுதின. அதற்குப் பிறகு பைர்ன் எழவில்லை. 1783 ஜூன் 1-ம் தேதி, காக்ஸ்பர் தெருவில் இருந்த தன் அறையில் இறந்தார்.

ஈயப் பெட்டியும் கடலும்

சாவதற்கு முன்பே அவருக்கு ஒரு பயம் பிடித்திருந்தது. சாவைவிடப் பெரிய பயம். தன் உடம்பை மருத்துவர்கள் அறுத்துவிடுவார்கள் என்பது.

அது வீண் பயம் இல்லை. அந்தக் காலத்து இங்கிலாந்தில் உடற்கூறு படிக்கச் சட்டப்படி கிடைத்தது முக்கியமாகத் தூக்கில் போடப்பட்ட கொலைகாரர்களின் உடல்தான். 1752-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், அறுபடுவதைத் தூக்கு தண்டனைக்கு மேல் ஒரு கூடுதல் தண்டனையாகவே வைத்திருந்தது. ஆக, அறுவை மேஜைக்குப் போவது என்றால் சாதாரண ஜனங்களுக்கு அவமானம். மறுமையில் உடலோடு எழுவோம் என்று நம்பியவர்களுக்கு அதைவிடப் பெரிய இழப்பு. போதாத உடல்களைக் கல்லறையிலிருந்து இரவில் தோண்டி விற்கவும் ஆட்கள் இருந்தார்கள். 7 அடி 7 அங்குல உடம்பு எவ்வளவு விலைக்குப் போகும் என்று பைர்னுக்குத் தெரியாதா என்ன?

அதனால் நண்பர்களிடம் தெளிவாகச் சொல்லிவைத்தார். ஈயச் சவப்பெட்டியில் வைத்து, கடலில் ஆழமான இடத்தில் இறக்கிவிடுங்கள், தோண்டவே முடியாத இடத்தில்.

அவர் இறந்ததும் வீட்டைச் சுற்றி மருத்துவர்களின் ஆட்கள் வட்டமிட்டார்கள். திமிங்கலத்தைச் சுற்றி ஈட்டியோடு நிற்பவர்களைப் போல் இருந்ததாக ஒரு பத்திரிகை எழுதியது. கடைசியில் உடல் போய்ச் சேர்ந்த இடம் ஜான் ஹன்டரின் வீடு. நண்பர்கள் பெட்டியைச் சுமந்துகொண்டு கடற்கரைக்குப் போகும் வழியில் குடிக்க நின்றார்கள், அந்த நேரத்தில் உடலை எடுத்துவிட்டுப் பெட்டியைக் கல்லால் நிரப்பிவிட்டார்கள், இதற்கு ஹன்டர் கொடுத்தது 500 பவுண்டு என்று சொல்வார்கள். தொகையும் விவரமும் ஆளுக்கு ஆள் மாறும். உடல் கடலுக்குப் போகவில்லை, ஹன்டரிடம் போனது என்பதில் மட்டும் மாற்றுக் கருத்து இல்லை.

ஹன்டர் யாரோ ஒரு போலி வைத்தியர் இல்லை. மன்னர் மூன்றாம் ஜார்ஜின் அறுவை மருத்துவர்களில் ஒருவர். அம்மைத் தடுப்பூசி தந்த எட்வர்ட் ஜென்னரின் ஆசான். அறுவை சிகிச்சையைக் கைத்தொழில் நிலையிலிருந்து அறிவியலாக மாற்றியவர்களின் பட்டியலில் முதல் வரிசையில் வருகிறவர். அதே ஆள்தான் ஒரு மனிதர் கடைசியாகக் கேட்டுக்கொண்ட ஒரே விஷயத்தைக் காசு கொடுத்து உடைத்தார். இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற அவசரத்தில் உடலை ஒரு பெரிய செப்பு அண்டாவில் கொதிக்க வைத்துச் சதையை நீக்கினார்கள். எலும்புகள் பழுப்பேறியதற்கு அதுதான் காரணம் என்பார்கள். சில ஆண்டுகள் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்துவிட்டு, பிறகுதான் தன் அருங்காட்சியகத்தில் நிறுத்தினார். ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸ் 1786-ல் வரைந்த ஹன்டரின் உருவப்படத்தின் மேல் மூலையைப் பார்த்தால், நீளமான இரண்டு பாத எலும்புகள் தொங்குவது தெரியும். பைர்னின் பாதங்கள்.

ஹன்டர் 1793-ல் இறந்த பிறகு, அவருடைய மொத்தச் சேகரிப்பையும் 1799-ல் பிரிட்டிஷ் அரசு 15,000 பவுண்டுக்கு வாங்கி அறுவை மருத்துவர்கள் சங்கத்திடம் ஒப்படைத்தது. அதுதான் இன்றைய ராயல் காலேஜ் ஆஃப் சர்ஜன்ஸின் ஹன்டேரியன் அருங்காட்சியகம். 1941-ல் ஜெர்மன் குண்டு விழுந்து சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தது. பைர்ன் தப்பினார்.

மண்டை ஓட்டைத் திறந்தபோது

1886-ல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி, கை கால் பெருக்கும் நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர் வைத்தார். பிட்யூட்டரிக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமோ என்ற பேச்சு அதை ஒட்டித்தான் கிளம்பியது. ஆனால் சுரப்பி வீங்கியதால் நோய் வந்ததா, நோய் வந்ததால் சுரப்பி வீங்கியதா, கூடுதலாகச் சுரக்கிறதா, குறைவாகச் சுரக்கிறதா என்று நீண்ட நாள் தகராறு.

1909-ல் அமெரிக்காவிலிருந்து ஹார்வி குஷிங் லண்டன் வந்தார். மூளை அறுவை சிகிச்சையின் முன்னோடி. அதே ஆண்டில்தான் அக்ரோமெகலி நோயாளி ஒருவருக்குப் பிட்யூட்டரியில் அறுவை சிகிச்சையும் செய்திருந்தார். அருங்காட்சியகப் பொறுப்பாளராக இருந்த ஆர்தர் கீத்தும் அவரும் சேர்ந்து பைர்னின் மண்டை ஓட்டைத் திறந்து பார்த்தார்கள். பட்டாணி உட்காரும் அந்தச் சேணக் குழி அகலமாகப் பெருத்துக் கிடந்தது. பட்டாணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பெரிய கட்டி இருந்ததற்கான அச்சு அது. சதை போய் 126 ஆண்டுகள் ஆன பிறகும் எலும்பு அதைக் காட்டிக்கொடுத்தது.

ஆனால் கட்டி ஏன் வந்தது? அதற்குப் பதில் எலும்பில் இல்லை, டி.என்.ஏ.வில் இருந்தது. 2006-ல் பின்லாந்து ஆய்வாளர்கள், சில குடும்பங்களில் பிட்யூட்டரி கட்டி பரம்பரையாக வருவதற்கு ஏஐபி என்ற மரபணுவின் பிழை காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்த மரபணு தரும் புரதம் சரியாக இருந்தால் செல்கள் கட்டுப்பாட்டில் இருக்கும். லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் மார்த்தா கோர்போனிட்ஸ் இதே துறையில் வேலை செய்தவர். வட அயர்லாந்தைச் சேர்ந்த சில குடும்பங்களில் ஒரே மாதிரிப் பிழை திரும்பத் திரும்ப வருவதைக் கவனித்தார். ஊர்கள் பைர்னின் ஊருக்குப் பக்கம். பைர்னின் இரண்டு பற்களிலிருந்து டி.என்.ஏ. எடுக்கப்பட்டது. பழங்கால டி.என்.ஏ.வில் தேர்ந்த ஜெர்மனியின் மைன்ஸ் ஆய்வகம் உதவியது. 2011 ஜனவரியில் முடிவு வெளியானது. அதே பிழை, அதே இடத்தில். பைர்னுக்கும் இன்று உயிரோடு இருக்கும் நாலு குடும்பங்களுக்கும் பொதுவான ஒரு மூதாதை 1,500 ஆண்டுகளுக்கு முன்போ அதற்கும் முன்போ வாழ்ந்திருக்க வேண்டும் என்று கணக்கு வந்தது. நைப் சகோதரர்கள் உறவு என்று சொல்லிக்கொண்டது வெறும் விளம்பரமாக இல்லாமலும் இருக்கலாம்.

இன்றைக்குப் பிறந்திருந்தால்?

15 வயதில் திடீரென்று உயரும் பையனை இன்றைக்கு எண்டோகிரைனாலஜிஸ்ட் முன்னால் உட்கார வைத்தால் முதலில் ரத்தத்தில் ஐ.ஜி.எஃப்-1 பார்ப்பார். பிறகு குளுக்கோஸ் கரைத்துக் குடிக்கக் கொடுத்து, வளர்ச்சி ஹார்மோன் குறைகிறதா என்று பார்ப்பார். சாதாரண உடலில் சர்க்கரை ஏறினால் அந்த ஹார்மோன் இறங்கும். கட்டி இருந்தால் இறங்காது. அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன். முடிந்தது, நோய் பிடிபட்டது.

சிகிச்சையில்தான் விஷயம் சிக்கலாகிறது. பிட்யூட்டரி கட்டி என்று ஒரே பெயரில் சொன்னாலும், அது எந்த ஹார்மோனைச் சுரக்கிறது என்பதைப் பொறுத்து வைத்தியமே மாறிவிடும். அதிகம் காணப்படும் வகை, பால் சுரப்புக்கான புரோலாக்டினைச் சுரக்கும் கட்டி. அதற்குப் பெரும்பாலும் கத்தியே வேண்டாம். வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போடும் காபர்கோலின் மாத்திரையிலேயே ஹார்மோன் இறங்கி, கட்டியும் சுருங்கிவிடும். எந்த ஹார்மோனையும் சுரக்காத கட்டிகளும் உண்டு. அவை சத்தமில்லாமல் வளர்ந்து, பார்வை மங்கிய பிறகே தெரியவரும்.

பைர்னுடையதைப் போல வளர்ச்சி ஹார்மோன் கட்டிக்கு முதல் வழி அறுவை சிகிச்சை. மண்டையைத் திறப்பதில்லை, மூக்கு வழியாகவே கருவியை விட்டு எடுத்துவிடுகிறார்கள். கட்டி 10 மில்லிமீட்டருக்குள் இருந்தால் முழுசாகக் குணமாகும் வாய்ப்பு நன்றாகவே இருக்கிறது. பெருத்துப் பக்கத்து ரத்த நாளங்களைச் சுற்றிக்கொண்டால் கொஞ்சம் விட்டுத்தான் வர வேண்டும். விட்டது திரும்பச் சுரக்கும்.

அதற்குத்தான் ஆக்ட்ரியோடைடு, லான்ரியோடைடு போன்ற ஊசிகள். பெரும்பாலும் மாதம் ஒன்று. ஹைப்போதலாமஸ் அனுப்பும் ‘நிறுத்து’ ஹார்மோனான சொமாட்டோஸ்டாட்டினின் நகல்கள் இவை. பலருக்கு ஹார்மோன் கட்டுக்குள் வரும், கட்டியும் சுருங்கும். சிலருக்கு ஒன்றும் நடக்காது. ஏன்? இந்த ஊசி கட்டியின் செல்லுக்கு மேலே இருக்கும் ஏற்பியில் போய் உட்கார வேண்டும், அங்கிருந்து செய்தி செல்லுக்குள் போக வேண்டும். ஏற்பி குறைவாக இருந்தாலும் பயனில்லை, ஏற்பி இருந்து உள்ளே செய்தி போகாவிட்டாலும் பயனில்லை.

ஏஐபி பிழை உள்ள கட்டிகளின் தலைவலி இங்கேதான். அவை இளம் வயதிலேயே வருகின்றன, பெரிதாக வளர்கின்றன, இந்த ஊசிகளுக்கும் மற்றக் கட்டிகள் அளவுக்கு மசிவதில்லை. உள்ளே செய்தி போகும் சங்கிலியில் ஏஐபி புரதத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது இல்லாதபோது ஊசி சொல்வது செல்லுக்குக் கேட்பதில்லை என்று ஆய்வுகள் காட்டுகின்றன. அப்போது வேறு ஏற்பி வழியாகவும் வேலை செய்யும் பாசிரியோடைடு உண்டு. ஆனால் அது சர்க்கரையை ஏற்றிவிடும். பெக்விசோமன்ட் என்ற ஊசி கட்டியைத் தொடுவதே இல்லை, வளர்ச்சி ஹார்மோன் உடலில் வேலை செய்யும் இடத்தை மறித்துவிடும். கதிர்வீச்சும் உண்டு, பலன் தெரிய ஆண்டுகள் ஆகும். ஆக, பைர்ன் இன்றைக்கு வந்திருந்தாலும் சுலபமான நோயாளியாக இருந்திருக்க மாட்டார். எட்டு வயதிலோ பத்து வயதிலோ, கட்டி சின்னதாக இருக்கும்போதே பிடித்திருந்தால் மட்டும்தான் கதை அடியோடு மாறியிருக்கும்.

அப்படிப் பிடிப்பதற்குத்தான் இன்று வழி கிடைத்திருக்கிறது. பைர்னின் ஊரை உள்ளடக்கிய மத்திய அல்ஸ்டர் பகுதியில் எச்சில் மாதிரி எடுத்துப் பரிசோதித்ததில், சுமார் 150 பேருக்கு ஒருவரிடம் இந்தப் பிழை இருப்பது தெரிந்தது. உலகில் வேறெங்கும் காணாத அளவு. பிழை இருக்கிறவர்கள் எல்லாருக்கும் கட்டி வருவதில்லை. நாலைந்து பேரில் ஒருவருக்குத்தான் வருகிறது. ஆனால் யாரிடம் இருக்கிறது என்று தெரிந்தால் அந்தக் குழந்தையின் உயரத்தை, ஐ.ஜி.எஃப்-1 அளவை ஆண்டுதோறும் கவனிக்கலாம். அப்படிக் கவனித்ததில் அறிகுறியே இல்லாத கட்டியைச் சிலருக்கு முன்கூட்டியே கண்டுபிடித்தும் இருக்கிறார்கள்.

நமக்கும் ஒரு வார்த்தை. இந்த நோய் அபூர்வம்தான், ஆனால் மெதுவாக வருவதால் கண்டுபிடிக்கப் பல ஆண்டுகள் ஆகிவிடுகிறது. மோதிரம் இறுக்கமாகி வெட்டி எடுக்க வேண்டி வருவது, செருப்பு சைஸ் 30 வயதுக்கு மேல் ஏறுவது, பல்லுக்கு இடையில் இடைவெளி விழுவது, குறட்டை, காரணமில்லாத வியர்வை, ஓரப் பார்வை மங்குவது. இதில் இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பழைய போட்டோ ஒன்றையும் எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்க. முகம் மாறியிருப்பது தினம் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது, போட்டோவில் தெரிந்துவிடும்.

கண்ணாடிப் பெட்டி காலியானது

2011-ல் ஆய்வு முடிவு வந்த அதே ஆண்டின் இறுதியில் ஒரு விவாதமும் கிளம்பியது. மருத்துவ அறவியல் பேராசிரியர் லென் டோயலும் சட்ட ஆய்வாளர் தாமஸ் முயின்சரும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். டி.என்.ஏ. எடுத்தாகிவிட்டது, இனியாவது அவர் கேட்டபடி கடலில் சேர்த்துவிடலாம் என்பது அவர்கள் வாதம். பைர்னை வைத்து 1998-ல் நாவல் எழுதிய ஹிலரி மான்டெலும் எலும்புகளை அயர்லாந்துக்கு அனுப்பச் சொன்னார். சட்டம் பைர்னுக்குத் துணையாக இல்லை. இறந்தவர் தன் உடலைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போவது இங்கிலாந்துச் சட்டத்தில் கட்டாயமில்லை.

மறுபக்கமும் வெறும் பிடிவாதம் இல்லை. எலும்பு அருங்காட்சியகத்தில் இருந்ததால்தான் 1909-ல் குழியைப் பார்க்க முடிந்தது, 2011-ல் பல்லைத் தொட முடிந்தது. நாளைக்கு இன்னும் நுட்பமான கருவி வரும், அப்போது இன்னொரு கேள்விக்குப் பதில் கிடைக்கலாம். அந்தப் பிழையோடு வாழ்கிறவர்களிலேயே சிலர், எலும்புகள் ஆய்வுக்கு இருக்கட்டும் என்று சொல்கிறார்கள். இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஆய்வுக்கு வைத்திருப்பது வேறு, டிக்கெட் வாங்காமலே வருவோர் போவோர் எல்லாரும் பார்க்க நிறுத்திவைப்பது வேறு. இரண்டாவது, ஸ்பிரிங் கார்டன்ஸ் அறையின் தொடர்ச்சிதான். அந்த அறையிலாவது அவர் தன் விருப்பத்தோடு நின்றார், காசும் அவர் கைக்கு வந்தது.

2017-ல் கட்டட வேலைக்காக ஹன்டேரியன் மூடப்பட்டது. 2023 ஜனவரியில் அறங்காவலர்கள் தங்கள் முடிவைச் சொன்னார்கள். பைர்னின் எலும்புக்கூடு இனி பார்வைக்கு வைக்கப்படாது, பிட்யூட்டரி நோய் குறித்த மருத்துவ ஆய்வுக்காக மட்டும் பாதுகாக்கப்படும். அந்த ஆண்டு மே மாதம் அருங்காட்சியகம் திறந்தபோது கண்ணாடிப் பெட்டி இல்லை. ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்டரின் படம் அங்கே இருக்கிறது. அதன் மூலையில் அந்த இரண்டு பாதங்களும் இருக்கின்றன. எலும்புகள் உள்ளே இருப்பறையில். கடலுக்கு இன்னும் போகவில்லை.